ஓட்டைக்குடமும் ஒற்றைக்கொம்பும்

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு நன்னூல் பாயிரம் என்பது தேர்வுக்காக உருப்போட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட சங்கதி. எனக்கும் அப்படித்தான். போன மாதம் எளாவூரிலிருந்து திரும்பி வந்த பிறகு அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மாணாக்கரை மூன்று தரமாகப் பிரித்து எட்டு உவமை சொல்கிறார் பவணந்தி. அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி நான்கும் கடை. நெய்யரி என்றால் பன்னாடை, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. அதோடு நிற்கவில்லை. யாருக்கெல்லாம் நூல் சொல்லித்தரக் கூடாது என்று இன்னொரு பட்டியல். திருடன், சோம்பேறி, காமுகன் நிற்கும் அதே வரிசையில் நோயாளியும் ஏழையும் மந்தனும் நிற்கிறார்கள். ஏழை என்பதற்கு அங்கே அறிவில்லாதவன் என்றுதான் பொருள், காசில்லாதவன் என்றல்ல. ஆனால் ஏரிக்கரையில் நான் பார்த்த பையன்மேல் இரண்டு பொருளும் சேர்ந்தே விழுந்தன.

எளாவூர் என்றால் பலருக்கும் நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும். கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. அந்தப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நண்பர் ஆசிரியராக இருக்கிறார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைக் காட்டினார். இருளர் வீட்டுப் பிள்ளை. கரும்பலகையில் 'கெளுத்தி' என்று எழுதச் சொன்னார். அவன் 'க' போட்டுவிட்டு, அதற்கு வலப்பக்கத்தில் கொம்பு போட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். 'பன்னாடை' என்று ஒரு குரல். யார் குரல் என்பது இருக்கட்டும், பதின்மூன்றாம் நூற்றாண்டு உவமை இன்னும் வசவாக உயிரோடிருக்கிறது.

அவன் செய்த பிழையைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம். 'கெ' என்று சொல்லும்போது முதலில் வருவது க், பிறகுதான் எ. காது கேட்ட வரிசையில்தான் கை எழுதியிருக்கிறது. நம் எழுத்தோ பின்னால் ஒலிக்கும் எகரத்தை முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னாவையும் சில ஐகார உருவங்களையும் மாற்றியது, கொம்பைத் தொடவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் இந்த முரணைச் சில மாதங்களில் விழுங்கிவிடுகிறார்கள். சிலரால் முடிவதில்லை. முடியாதவனுக்கு மந்தன் என்று பேர்.

நிலைகளுக்கு இப்போது அழகான பெயர்கள் வந்துவிட்டன. கொரோனாக் காலத்து இழப்பை ஈடுகட்ட, 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிப்பது. முன்பிருந்த செயல்வழிக் கற்றலின் ஏணியையும் அட்டையையும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எருமைக்கு மொட்டு எவ்வளவோ மேல் என்பதை மறுக்கவில்லை. எல்லாரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்வதைவிட இது நூறு மடங்கு நல்லது. என் சிக்கல் உவமையில் இருக்கிறது. பூ தானாக மலர்வது. மலராவிட்டால் யாரையும் கேட்க முடியாது, அந்தச் செடி அப்படி என்று போய்விடலாம். பவணந்தியின் எட்டில் மண்ணைப் பாருங்கள்: உழவனின் உழைப்பு எவ்வளவோ அவ்வளவு விளைச்சல். எட்டு உவமையில் கற்பிப்பவன் கணக்கில் வரும் இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதைப் போய் இடைத்தரத்தில் வைத்தார் மனிதர். அரசாங்கக் கையேடு அதையும் விட்டுவிட்டுப் பூவைப் பிடித்துக்கொண்டது.

இங்கே நம் ஆட்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. இவான் இலிச்சையும் ஃபூக்கோவையும் இந்த மாதிரிப் பத்திரிகைகளில் படித்து வளர்ந்தவன் நான். 'குறைபாடு' என்ற பெயரிடலே அதிகாரம், பள்ளி விலக்கியவர்களைத்தான் பள்ளி நோயாளி என்கிறது என்று நானே எழுதியிருக்கிறேன். அந்தப் பையன் ஆயாவோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் எடுக்கிறான். கண்ணால் பார்க்காமல் விரலால் வாசிக்கும் அறிவு அது. இதைச் சொல்லி, 'அவனுக்கென்ன குறை?' என்று கட்டுரையை முடித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. முடித்திருந்தால் பையனைக் கைகழுவியதாகத்தான் ஆகியிருக்கும். சேற்றை வாசிப்பவனுக்கு ரேஷன் கார்டையும் வாசிக்கத் தெரியவேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1995 சட்டத்தின் ஏழு வகைகளை இருபத்தொன்றாக்கி, அதில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. அந்தப் பெயர் தாளில் ஏறினால்தான் சிறப்பாசிரியர், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள். பெயரிடல் அதிகாரம்தான். பெயரே இல்லாதவனுக்கு ஒன்றும் கிடையாது என்பதும் அதிகாரம்தான்.

தொடக்கப்பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. நண்பரின் பள்ளிக்கு வருகிறவர் வட்டார வள மையத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார், தொகுப்பூதியக்காரர், அவர் பார்க்கவேண்டிய பள்ளிகள் பல. 2024-இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்திவைத்தபோது இவர்கள் சம்பளமும்தான் அந்தரத்தில் தொங்கியது.

ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு மரபு உண்டு. இறால் நன்றாகப் படும் இடமும் படாத இடமும் இருப்பதால், யார் எங்கே எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துப் பங்கிடுவார்கள். இடம் சமமில்லை என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு, அருமையானது. ஆனால் பட்டினவர் தலைக்கட்டு வரிசையில் பேர் இருப்பவர்களுக்குத்தான் முறை. இருளர்களுக்கு மரபாக அதில் பாடு கிடையாது, கையால் தடவிக்கொள்ள வேண்டியதுதான். சிறப்பாசிரியரின் வருகைப் பட்டியலை நண்பர் காட்டியபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பையன் பேர் அதில் இருந்தது. அவர் வந்த இரண்டு முறையும் அவன் பள்ளியில் இல்லை.

ஆயாவைப் பார்க்கப் போனோம். குடிசை வாசலில் பறிக்கு ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். 'அவனுக்கு ஏறல சாரு, இன்னா பண்றது' என்றார். நண்பர் சிறப்பாசிரியரைப் பற்றி விளக்கினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஆயா சொன்னார்: 'அந்த டீச்சரு என்னிக்கு வருவாங்கோன்னு மின்னாடியே சொல்லலாம்ல? அன்னிக்கு இவன ஏரிக்கு இட்டுகினு போவமாட்டேன்ல?'

நண்பர் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தார். அதில் மாதம்தான் போட்டிருந்தது, தேதி இல்லை.