கதையைக் கேட்க மாட்டார்கள்

ஆரணியில் எனக்குத் தெரிந்த நெசவாளி நண்பர் ஒருவர் இருக்கிறார். பட்டுப் புடவை வாங்கப் போய்ப் பழக்கமானவர்; இப்போது புடவை வாங்காமலே போய்ப் பேசிக்கொண்டிருக்கிற அளவுக்கு நெருக்கம். அவருடைய வீட்டுக் கூடத்தில் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியில்தான் சமையல் தவிர்ந்த குடும்ப வாழ்க்கை முழுவதும் நடக்கிறது. சென்ற தடவை நான் போயிருந்தபோது, ஏழாவது படிக்கிற அவருடைய கடைசிப் பெண் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பத்தி, அதன் கீழே ஐந்து கேள்விகள். இதற்குக் காம்ப்ரிஹென்ஷன் என்று பெயர். படித்ததைப் புரிந்துகொள்ளும் பயிற்சி என்று அர்த்தம்.

அவள் வேலை செய்த வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் கேள்வியைப் பார்த்தாள். அதில் உள்ள ஒரு பெரிய வார்த்தையின் மேல் விரலை வைத்தாள். இன்னொரு கையின் விரல் பத்தியில் ஓடி அதே வார்த்தையைக் கண்டுபிடித்தது. அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதினாள். ஐந்து கேள்விக்கும் பத்து நிமிஷத்துக்குள் பதில் எழுதியாகிவிட்டது. வாங்கிப் பார்த்தேன். ஐந்தும் சரி.

"இது என்னம்மா கதை?" என்று கேட்டேன்.

"கதையெல்லாம் கேக்க மாட்டாங்க தாத்தா. கேள்விக்குப் பதில் எழுதினா போதும்" என்றாள்.

நாற்பது வருஷமாகக் கதை எழுதிக்கொண்டிருப்பவனுக்கு இதைவிடக் கடுமையான விமர்சனத்தை யாரும் சொன்னதில்லை. அவள் என்னைச் சொல்லவில்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் ஊர் திரும்பிய பிறகும் அந்த வார்த்தை மனத்தைவிட்டுப் போகவில்லை. நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கிற இலக்கணப் பயிற்சியையும் படிப்புப் பயிற்சியையும், ஒரு நாவலைப் பார்ப்பதுபோல எடுத்து வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றிற்று.

வாசகர்கள் ஒரு சிறு பரீட்சை எழுதிப் பார்க்கலாம். "டிமுக்கன் ஒருவன் பலகரத்தின் மேல் சிலுக்கத்தைப் பொதட்டினான். பொதட்டிய சிலுக்கம் உடனே லொடுங்கிற்று." இதுதான் பத்தி. கேள்விகள்: டிமுக்கன் எதைப் பொதட்டினான்? எதன் மேல் பொதட்டினான்? பொதட்டியதும் சிலுக்கம் என்ன ஆயிற்று? மூன்றுக்கும் உங்களால் தவறில்லாமல் பதில் எழுத முடியும். மூன்றுக்கு மூன்று மார்க். டிமுக்கன் யார், சிலுக்கம் என்பது தின்பதா, உடுப்பதா என்று எனக்கும் தெரியாது. வேற்றுமை உருபுகள்தாம் அந்த மூன்று மார்க்கையும் வாங்கிக் கொடுத்தன. இலக்கணத்தால் பிரயோஜனம் இல்லை என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அர்த்தமே இல்லாத இடத்திலும் பரீட்சையில் தேற வைக்கிற அவ்வளவு பெரிய சக்தி அதற்கு இருக்கிறது. அந்தச் சக்தியை நாம் எதற்காகச் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இந்த தேசத்தில் இங்கிலீஷ் இலக்கணம் என்றால் ரென் அண்டு மார்ட்டின். 1930களில் பம்பாயில் வெளியான அந்தப் புஸ்தகம், பின்னால் திருத்தங்களோடு பதிப்பு மேல் பதிப்பாக வந்து, இன்றும் கடையில் கிடைக்கிறது. நான் படித்தபோது எங்கள் வகுப்பில் அதற்கு இருந்த மரியாதை பஞ்சாங்கத்துக்குக்கூட இருந்ததில்லை. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு, இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கு, ஒன்றை இரண்டாக்கு. இதையெல்லாம் நூற்றுக்கணக்கில் செய்தோம். இன்றைக்கு நான் ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தைத் தப்பில்லாமல் எழுதுகிறேன் என்றால் அந்தப் புஸ்தகத்துக்குக் கடன்பட்டவன்தான். நன்றி மறந்து பேசவில்லை.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அந்த ரென், பி. ஸி. ரென், ஒரு நாவலாசிரியர். இந்தியக் கல்வி இலாகாவில் வேலை பார்த்துவிட்டுப் போன அந்த இங்கிலீஷ்காரர் 1924ல் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதினார். அது விற்ற விற்பனையும், இரண்டே வருஷத்தில் சினிமாவாக வந்ததும், அந்தக் காலத்து வாசகர்கள் அறிந்தவை. உயர்ந்த இலக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாசகனைக் கழுத்தைப் பிடித்து உட்கார வைக்கத் தெரிந்த கை. சகாரா பாலைவனத்தில் ஒரு பிரெஞ்சுக் கோட்டை. உதவிக்கு வருகிற படையின் அதிகாரி பார்க்கிறார். மதிலில் துவாரத்துக்குத் துவாரம் துப்பாக்கியும் கையுமாக வீரன் நிற்கிறான். கூப்பிட்டால் பதில் இல்லை. கிட்டப் போனால், நிற்கிற அத்தனை பேரும் பிணங்கள். அப்படியானால் அவர்களை அங்கே நிறுத்தி வைத்தவன் யார்?

அந்தக் கேள்வியை ரென் நம்மிடம் கேட்கவில்லை. நாம்தான் கேட்கிறோம். அதற்குப் பதில் தெரிகிற வரையில் புஸ்தகத்தைக் கீழே வைக்கப் போவதில்லை. இதே பத்தியை நம் பாடப் புஸ்தகத்தில் போட்டிருந்தால் கீழே என்ன இருக்கும்? 'கோட்டை எந்தப் பாலைவனத்தில் இருந்தது? வீரர்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள்?' பையன் சகாரா என்றும் துப்பாக்கி என்றும் எழுதி இரண்டு மார்க் வாங்கிக்கொண்டு போவான். பிணங்கள் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

நாவல் எழுதுகிறபோது இவ்வளவு தெரிந்த ரென்னுக்கு, இலக்கணம் எழுதுகிறபோது அது ஏன் மறந்துபோயிற்று? பயிற்சிகளில் வருகிற 'அவன்' எவன் என்று யாருக்கும் தெரியாது. அவன் வந்தான், போனான், கடிதம் எழுதினான், கடிதம் அவனால் எழுதப்பட்டது. யாருக்கு எழுதினான், எதற்காக? கேட்கக் கூடாது. அநாதை வாக்கியங்கள். அவற்றைப் புரட்டிப் புரட்டிப் போட்டுப் பயின்ற குழந்தைக்கு, வாக்கியம் என்பது யாரோ ஒருவர் இன்னொருவரிடம் ஒரு காரியத்துக்காகச் சொல்வது என்ற எண்ணமே எழுவதில்லை. குற்றம் ரென் மேல் மட்டும் இல்லை. உடன் எழுதிய மார்ட்டினையும் சேர்த்தால்கூடத் தீராது. அநாதை வாக்கியத்துக்கு மார்க் போடுவது சுலபம். ஒரே விடைதான் இருக்கும். ஐம்பது விடைத்தாளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வாத்தியாரின் கஷ்டமும் கஷ்டம்தானே?

இதை மாற்றிப் பார்க்கச் சென்னை ராஜ்யத்திலேயே முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1959ல் இங்கிலீஷ் ஆரம்பப் பாடம் நடத்துகிற 27,000 ஆசிரியர்களுக்குப் புது முறையில் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டார்கள். முதலில் கொஞ்சம் பேருக்குச் சொல்லிக் கொடுப்பது, அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என்று ஏற்பாடு. உருள உருளப் பெருக்கிற பனிப்பந்து என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பனியே பார்த்திராத ராஜ்யத்தில் இந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் சிரிப்பைத் தருகிறது. அந்த முறையும் வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திச் சொல்ல வைக்கிற முறைதான். மனப்பாடம் செய்வதற்கு இலக்கண விதிக்குப் பதிலாக வாக்கிய அச்சு வந்து சேர்ந்தது.

இருபது வருஷம் கழித்து, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்ஸிலில் இருந்த என். எஸ். பிரபு செய்த காரியம் வேறு ரகம். 1979 முதல் 1984 வரையில் பெங்களூரிலும் தமிழ்நாட்டிலுமாகச் சில சாதாரணப் பள்ளிக்கூடங்களில் அதை நடத்திப் பார்த்தார். இலக்கணப் பாடமே கிடையாது. மாணவர்களுக்கு ஒரு ரயில் கால அட்டவணையைக் கொடுப்பார்கள். ஒரு மனிதன் இன்ன ஊரிலிருந்து கிளம்பி இன்ன நேரத்துக்குள் இன்ன ஊருக்குப் போக வேண்டும். எந்த வண்டியில் ஏற வேண்டும்? வாத்தியார் ஒரு கணக்கை எல்லாருக்கும் எதிரில் பேசிப் போட்டுக் காட்டுவார். அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தாமே போட வேண்டும். பதில் அட்டவணையில் எந்த வரியிலும் எழுதியிருக்காது. இரண்டு மூன்று சமாசாரங்களைச் சேர்த்து யோசித்தால்தான் கிடைக்கும். கவனம் அர்த்தத்தில் இருந்தால் இலக்கணம் தானே உள்ளே இறங்கும் என்பது அவர் எண்ணம்.

வெளியிலிருந்து வந்தவர்கள் பின்னர் இரண்டு விதப் பிள்ளைகளுக்கும் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். வாக்கிய அமைப்பை மட்டும் சோதித்த பரீட்சையில் பழைய முறைப் பிள்ளைகள் முந்தினார்கள். படித்தும் கேட்டும் புரிந்துகொள்ளச் சொன்ன இடத்தில் பிரபுவின் பிள்ளைகள் முந்தினார்கள். எதைப் பயிற்றினாயோ அது வரும் என்று பாட்டியே சொல்லியிருப்பாள் என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். பிரபு தம் அநுபவத்தை 1987ல் இங்கிலீஷில் புஸ்தகமாக எழுதினார். பாஷை கற்பிப்பதைப் பற்றி உலகத்தில் பேசுகிற இடங்களில் அது இன்றும் பேசப்படுகிறது. நம் பள்ளிக்கூடங்களில் விரல் இன்னும் அதே வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ரயில் அட்டவணையோடு நின்றுவிட்டது எனக்கு ஒரு குறைதான். குழந்தைகளுக்கு விடை தேட ஆசை வர வேண்டும் என்றால் அட்டவணையைவிடக் கதை நல்லது. எழுத்தாளனின் சுயநலம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரணிக்குத் திரும்புகிறேன். கமண்டல நாக நதிக் கரையில் உள்ள இந்த ஊருக்கு இங்கிலீஷ்காரன் வந்தது பீரங்கியோடுதான். 1751 டிசம்பரில் கிளைவ் இங்கே ஒரு சண்டை போட்டு ஜெயித்தான். பாஷை பின்னால் வந்தது. இன்றைக்கு அந்தப் பாஷையை ஊரில் யாரும் வேண்டா விருந்தாளியாக நினைக்கவில்லை. என் நண்பருக்கு இங்கிலீஷ் என்பது தறிக்குழியிலிருந்து பிள்ளைகள் மேலே ஏறி வருவதற்கு வைத்த படி. "எண்பது மார்க்கு எடுக்குது சார்" என்று பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது, அவர் கால் மிதியில் ஒரு கணம் நின்றது. அவருடைய மூத்த பையனும் அப்படித்தான் எண்பது எடுத்தான். கடன் வாங்கி இஞ்சினீயரிங் காலேஜில் சேர்த்தார். முதல் மாதம் வீட்டுக்கு வந்த பையன், பெரிய புஸ்தகம் ஒன்றைப் பிரித்துக் காட்டி, "கேள்வியே இல்லாம வெறும் பக்கமா இருக்குப்பா" என்றானாம். இதை நண்பர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் இரண்டாம் வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். இப்போது ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறான். கடன் நிற்கவில்லை; வட்டியோடு போய்க்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் புஸ்தகத்தை வாங்கி அந்தப் பத்தியை நான் படித்தேன். யார் எழுதியது என்று போடவில்லை. நல்ல கதை. மலைக் கிராமத்துத் தபால்காரன் ஒருவன், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவிக்கு வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்லுகிறான். பட்டணத்தில் இருக்கிற மகன் கடிதத்தில் எழுதுவதெல்லாம் கோபமும் கசப்பும். தபால்காரன் அதை மாற்றி, அம்மா சௌக்கியமா என்று மகன் கேட்டிருப்பதாகப் படிக்கிறான். இவ்வளவுதான் கதை. இதன் கீழே கேட்டிருந்த கேள்விகள்: தபால்காரன் தினம் எத்தனை மைல் நடந்தான்? அவன் பை என்ன நிறம்? கிழவியின் வீடு எங்கே இருந்தது? மற்ற இரண்டும் இதே ஜாதி.

கதையைத் தமிழில் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். தார் சுற்றிக்கொண்டிருந்த அவள் அம்மாவும் ராட்டினத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பாவம், அது பொய்யின்னு கெழவிக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

"தெரியும்" என்றது பெண்.

"எப்படித் தெரியும்?"

பதில் சொல்லாமல் என் கையிலிருந்து புஸ்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். விரல் மறுபடியும் பத்தியில் ஓடிற்று. இந்தத் தடவை மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று போயிற்று. கடைசியிலிருந்து மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. தபால்காரன் உறையைப் பிரிக்கிறதற்கு முன்பே கிழவி தலையை ஆட்டிச் சிரித்தாள் என்று அங்கே இருந்தது. நான் சொன்னபோது அதை விட்டுவிட்டேன்.

அந்த வரியில் இருந்த 'பிஃபோர்' என்ற வார்த்தைக்கு அடியில் பென்ஸிலால் கோடு போட்டு, மேலே 'இணைப்புச் சொல்' என்று முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தாள். முதல் நாள் இலக்கணப் பயிற்சிக்காக எழுதினதாம். வாத்தியார் சரி போட்டிருந்தார்.

"பிஃபோர்னா முன்னாடிதானே தாத்தா?" என்று கேட்டாள்.