கொடுக்கிற கை

கர்ணமோட்சம் பார்த்து வளர்ந்த எவருக்கும் கேப்டன் நீமோ புது ஆள் இல்லை. மானாம்பதி, உத்திரமேரூர் பக்கத்தில் பெரியவர் ஒருவர் போய்விட்டால், காரியத்துக்கு முதல் நாள் ராத்திரி வைக்கிற கூத்து பெரும்பாலும் கர்ணமோட்சம்தான். முகவீணை ஒலிக்க, கிரீடமும் புஜக்கட்டையுமாகத் திரையை விலக்கிக்கொண்டு கர்ணன் சபைக்கு வரும்போது, இவன் துரியோதனன் ஆளாயிற்றே என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. மனைவி பொன்னுருவி அவன் பிறப்பைச் சொல்லி ஏசுகிறாள். சபை முழுக்க அவன் பக்கம் சாய்கிறது. விடிகிற நேரத்தில், உயிர் பிரியாமல் கிடப்பவன் செய்த தர்மத்தையெல்லாம் தாரை வார்க்கும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நியாயம் எந்தப் பக்கம் என்று அப்போது கேட்டால் அடி விழும்.

ஜூல் வெர்ன் எழுதிய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ 1869-70இல் தொடராக வந்தது. அதன் நாயகன் நீமோ செய்வது, சட்டப்படி பார்த்தால் கொலை. நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கியால் ஒரு போர்க்கப்பலைப் பிளந்து, ஆட்கள் மூழ்குவதைக் கண்ணாடி வழியாக நின்று பார்க்கிறான். பிறகு அறைக்குப் போய், ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் படத்தின் முன் மண்டியிட்டு விம்முகிறான். அந்தக் கப்பல் எந்த நாட்டுடையது என்பதை வெர்ன் சொல்வதே இல்லை. அந்த மௌனம்தான் எழுத்து.

ஆனால் நாவலின் உயிர் அதற்கு முன்பே, நம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. முத்துக்குளிப்பவன் ஒருவன், காலில் கல்லைக் கட்டி இறங்கியவன், சுறாவிடம் சிக்குகிறான். நீமோ வெறும் கத்தியோடு சுறாவின்மேல் பாய்கிறான். அவனே சாக வேண்டிய நேரத்தில் உடன் வந்த திமிங்கில வேட்டைக்காரன் நெட் லேண்டின் ஈட்டி காப்பாற்றுகிறது. நீமோ எழுந்ததும் முதல் வேலையாகக் கல் கட்டிய கயிற்றை அறுத்து அந்த ஏழையை மேலே கொண்டுவருகிறான். சட்டைப்பையிலிருந்து ஒரு பை முத்தை எடுத்து அவன் கையில் வைக்கிறான். மனித குலத்தையே உதறியவன் ஏன் இப்படிச் செய்தான் என்று பேராசிரியர் அரோனாக்ஸ் கேட்க, ஒடுக்கப்பட்டவர்களின் நாடே தன் நாடு என்கிற பொருளில் பதில் வருகிறது. கப்பலைப் பிளந்த கோபமும் இந்த முத்துப்பையும் ஒரே மடியிலிருந்து வந்தவை. பழிவாங்கும் நாயகனை நாம் ஏன் நேசிக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விடையை நான் படித்ததில்லை.

முதலில் வெர்ன் நீமோவை, 1863 கிளர்ச்சியில் ரஷ்யாவிடம் எல்லாவற்றையும் இழந்த போலந்துப் பிரபுவாகத்தான் நினைத்திருந்தார். பதிப்பாளர் எட்செல் ஒப்பவில்லை. ரஷ்யாவில் புத்தகம் விற்க வேண்டுமே! 1875இல் முடிந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் நீமோ யார் என்பது தெரிகிறது: புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானின் உறவு, 1857 எழுச்சியில் நின்று குடும்பத்தைப் பறிகொடுத்தவர். குந்தி மகன் என்ற உண்மை கர்ணனுக்கு ஊரறியக் கிடைப்பது சாவில்தான்; நீமோவும் சாகப்போகும்போதுதான் தன் பெயரைச் சொல்கிறான். அதுவரை அந்தத் தீவில் ஒதுங்கியவர்களுக்கு ஆள் தெரியாமல் உதவியவனும் அவன்தான். அவர்களில் காய்ச்சலில் கிடந்த ஹெர்பர்ட்டுக்குக் கொய்னா மருந்து வைத்துவிட்டுப் போன கை அவனுடையது. திப்பு உறவு கொஞ்சம் அதிகப்படி என்பது என் எண்ணம். டக்கார் வராத முதல் நாவலில்தான் நீமோ பெரியவன்.

கோபமும் இரக்கமும் ஒரே மடியிலிருந்து வருவதை மேரி ஷெல்லி 1818லேயே கண்டுவிட்டார். அவர் நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் படைத்த ஜந்து, முதல் கொலைக்கு முன் ஆற்றில் விழுந்த சிறுமியைக் காப்பாற்றுகிறது. பரிசாகத் துப்பாக்கிக் குண்டு கிடைக்கிறது.

ஷங்கரின் ‘2.0’ (2018) படத்தில் பறவைகளுக்காகப் பழிவாங்கும் பட்சிராஜன் இந்த வரிசையில் வந்திருக்க வேண்டியவர். வேடந்தாங்கல் பறவைகள் இரை தேடி வந்திறங்கும் ஏரிக்கரைக்காரர்களுக்கு அவர் துக்கம் சட்டென்று புரியும். செல்போன் கதிர்வீச்சின்மேல் அவர் போடும் பழி அறிவியல்படி நோஞ்சான்தான்; அது போகட்டும். குஞ்சுகளைப் பேணிய கையைப் படம் முன்கதையோடு மறந்துவிடுகிறது. அதன்பின் வருவது வெறும் இடிபாடு.  

நீமோவை முதலிலிருந்து படிக்கப் பொறுமை இல்லையென்றால், இரண்டாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறவுங்கள். மன்னார் அங்கேதான் வருகிறது. சிறுவர் சுருக்கம் வேண்டாம், முழு நூலைத் தேடுங்கள்.