தாழ்வான பகுதி: ஒரு சொல்லை முன்வைத்து

மழைக்கு மழை 'தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது' என்று செய்தி வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எழுதிய நம் எழுத்தாளர்கள் பலரும் இந்தச் சொல்லைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

தாழ்வு நிலத்தின் குணமா? புளியந்தோப்பில் எங்க ஆயா வீட்டுக்கு அப்ப ரெண்டு படி ஏறணும். பழைய தாரைச் சுரண்டாமல் அதுமேலேயே ரோடு போட்டுப் போட்டு, இப்ப ஒரு படி இறங்கணும். ஓட்டேரி நல்லா கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பிக் கிடந்தால் தண்ணி வேறெங்கே போகும்?

2015க்குப் பின் ஆற்றங்கரைக் குடிசைகளைப் பிடுங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். 2023 மிக்ஜாம் புயலில் அங்கேயும் தண்ணி. சதுப்பு தாழ்ந்த நிலம்தான். அதன் ஓரத்தில் யாரைக் குடிவைப்பது என்று நிலமா முடிவு செய்தது?

மாடியில் நின்று எழுதியவர்களுக்கு வெள்ளம் எல்லாரையும் சமமாக்கியதாம். வடிந்தபின் குப்பையும் சாக்கடையும் அள்ள வெளியூர்களிலிருந்து லாரியில் ஏற்றிவரப்பட்டவர்கள் யாரென்று அந்த எழுத்து கேட்கவில்லை.

'தாழ்ந்த சாதி' என்றவர்களைத் 'தாழ்த்தப்பட்ட' என்று திருத்தச் சொன்னோம். நிலத்துக்கும் அந்தத் திருத்தம் வேண்டும். 'தாழ்வான' என்றால் கேள்வியே எழாது. 'தாழ்த்தப்பட்ட' என்றால் 'யாரால்?' என்று கேட்டே ஆகணும்.