தோட்டா தேர்ந்தெடுத்த துப்பாக்கி

ஜான் வெய்ன் நடித்து 1961இல் வெளிவந்த ‘தி கமான்செரோஸ்’ படத்தின் கதை 1843இல் நடக்கிறது. அதில் வருபவர்களின் இடுப்பில் தொங்குவதோ 1873ஆம் ஆண்டின் கோல்ட் ரிவால்வர். தோளில் வைத்துச் சுடுவது 1892ஆம் ஆண்டு மாடல் வின்செஸ்டர் ரைஃபிள். பேரன் கையில் இருக்க வேண்டியது தாத்தா கையில் இருக்கிறது. ஆயுத வரலாறு படித்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஹாலிவுட் ஸ்டூடியோக்களுக்கு ஆயுதம் வாடகைக்குக் கொடுத்தவர்களுக்குத் துப்பாக்கிகளின் வயது நன்றாகவே தெரியும். அவர்களுடைய கவலை வேறு: எதில் வெற்றுத் தோட்டா மக்கர் பண்ணாமல் வெடிக்கும்? பழைய படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நாம் பார்த்த அமெரிக்க மேற்கின் தோற்றத்தைப் பெருமளவுக்கு முடிவு செய்தது இந்தக் கேள்விதான்.

வெற்றுத் தோட்டாவும் நிஜத் தோட்டா போன்றதே. அதே பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே மருந்து. ஈயக் குண்டு உட்காரும் இடத்தில் மட்டும் ஓர் அட்டை வில்லை இருக்கும். அல்லது கூட்டின் வாயையே மடித்து நசுக்கியிருப்பார்கள். அந்தக் கால ஸ்டூடியோக்களின் செல்லப்பிள்ளை ‘ஃபைவ் இன் ஒன்’ என்ற வகை. .38-40, .44-40 ஆகிய இரு அளவுகளிலும் வந்த ரைஃபிள்கள், ரிவால்வர்கள், கூடவே .45 கோல்ட் ரிவால்வர் என்று ஐந்துக்கும் ஒரே தோட்டா பொருந்தும். கொளுத்தும் வெயிலில், நாலா பக்கமும் குதிரைகள் ஓடும் படப்பிடிப்பில், எந்தப் பெட்டி எந்தத் துப்பாக்கிக்கு என்று தேட வேண்டியதில்லை. அந்த ஐந்துக்குள் அடங்கிய கோல்ட்டும் வின்செஸ்டரும்தான் எந்த ஆண்டில் நடக்கும் கதையானாலும் முதலில் வண்டியேறின.

மருந்திலும் முழு அளவு, அரை, கால் என்று தரம் பிரித்திருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு நடிகரின் முகமோ குதிரையின் காதோ இருந்தால் கால் அளவு போதும். கருமருந்து போட்டால் வெள்ளைப் புகை திரண்டு வரும். கேமராவுக்கு அது விருந்து. துப்பாக்கிக்கு அது விஷம். அன்றிரவே வெந்நீர் விட்டுக் குழலைக் கழுவாவிட்டால் துரு பிடித்துவிடும். நாயகன் ஓட்டலில் தூங்கும்போது விழித்திருந்து குழல் துடைத்தவர்களின் பெயர் எந்த டைட்டில் கார்டிலும் வந்ததில்லை.

வேடிக்கையின் உச்சம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கதைகளில்தான். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு ஒவ்வொரு முறையும் வாய்வழியே மருந்து கொட்டி இடிக்க வேண்டும். ரீடேக்குக்கு அது சரிப்படாது. எனவே, பின்புறம் சின்னக் கதவு போலத் திறந்து தோட்டா போடும் ‘ட்ராப்டோர்’ ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளை எடுத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய இந்த ராணுவத் துப்பாக்கியின் பக்கவாட்டில் போலிக் கல்லும் போலிக் கிண்ணமும் பொருத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நூறாண்டுப் பழமை. உள்ளே பித்தளைத் தோட்டா. க்ளோசப்பில் படத்தை நிறுத்திப் பார்த்தால் கதவின் கீல் தெரிந்துவிடும். பாரமவுன்ட் வளாகத்தில் இயங்கிய ஸ்டெம்பிரிட்ஜ், லண்டனின் பாப்டி போன்ற வாடகை நிறுவனங்கள் இப்படிப்பட்ட கைவேலையிலும் பிழைத்தவை.

தொலைக்காட்சி வந்ததும் துப்பாக்கியே கதாபாத்திரமானது. ‘தி ரைஃபிள்மேன்’ (1958–63) தொடரில் சக் கானர்ஸ் வைத்திருந்ததும் 1892 மாடல் வின்செஸ்டர்தான்; கதையோ 1880களில். லீவரை மூடும்போது விசையைத் தானே அழுத்திவிடும்படி ஒரு திருகாணி வைத்திருந்தார்கள். மடமடவென்று வெடித்ததன் ரகசியம் அவ்வளவே. ‘வான்டட்: டெட் ஆர் அலைவ்’ தொடரில் ஸ்டீவ் மெக்வீன் குட்டையாக அறுத்த அதே மாடலோடு வந்தார். அது .44-40 அளவு. அவர் பெல்ட்டில் வரிசையாகப் பளபளத்தவையோ .45-70 தோட்டாக்கள், அந்தத் துப்பாக்கியில் நுழையவே நுழையாதவை. பெரிதாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்த அசட்டுத் துணிச்சல் எனக்குப் பிடித்தே இருக்கிறது.

தானியங்கித் துப்பாக்கி இவ்வளவு சுலபமாக வளைந்து கொடுக்கவில்லை. குண்டு குழலுக்குள் எதிர்த்து நிற்பதால் எழும் அழுத்தம்தான் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. குண்டே இல்லையென்றால் வாயு சும்மா வெளியேறிவிடும். அதனால் சிறு துளையிட்ட அடைப்பானைக் குழலுக்குள் திருகி வைத்தார்கள். அப்படியும் .45 கோல்ட் பிஸ்டல் அடிக்கடி அடம்பிடித்தது. சாம் பெக்கின்பாவின் ‘தி வைல்டு பன்ச்’ (1969) படத்தில் நாம் கோல்ட் என்று நம்புவது, அதே சாயலில் ஸ்பெயினில் செய்த ஸ்டார் பிஸ்டல். வெற்றுத் தோட்டாவில் அது ஒழுங்காக ஓடியது.

இத்தனை பாடுபட்டும் பலன் முழுதாகக் கிடைத்ததா என்றால் இல்லை. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் ஃபிலிம் கேமராவில் பாதி நேரம் ஷட்டர் மூடியிருக்கும். அந்த இடைவெளியில் வெடித்தால் தீப்பொறி ஃபிலிமில் விழாது. ஓசையும் அப்படியே. ‘ஷேன்’ (1953) படத்தில் வெடிச்சத்தம் பார்வையாளரைத் தூக்கிவாரிப்போட வேண்டும் என்று விரும்பிய இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், அதைச் செயற்கையாகப் பெருக்கிச் சேர்த்தார். சுடப்பட்டவர் பின்னால் பறந்து விழக் கம்பி கட்டி இழுத்தார். கண்ணும் காதும் நம்பியதில் பெரும்பங்கு பிறகு ஒட்டவைத்தது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, வெற்றுத் தோட்டா இல்லாமல் எடுத்த காட்சிகள் இன்னும் மோசம். ‘தி பப்ளிக் எனிமி’ (1931) படத்தில் ஜேம்ஸ் காக்னி பதுங்கும் சுவர் மூலையை நிஜ இயந்திரத் துப்பாக்கியின் நிஜக் குண்டுகள்தான் பெயர்த்தன. அதோடு ஒப்பிட்டால் வெற்றுத் தோட்டா பெரிய முன்னேற்றம். ஆனால் அது பாதுகாப்பு என்ற நம்பிக்கை ஆபத்தானது. குண்டு இல்லாவிட்டாலும் கொதிக்கும் வாயுவும் வில்லைத் துண்டும் வெளியே பாயும். 1984 அக்டோபரில் ‘கவர் அப்’ தொடரின் படப்பிடிப்பு இடைவேளையில் நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தியது வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வர். மண்டையோடு நொறுங்கிச் சில நாளில் இறந்தார். 1993இல் ‘தி குரோ’ படப்பிடிப்பில் நடிகர் பிராண்டன் லீ இறந்தது வேறு வகை. முன்பு க்ளோசப்புக்குப் பயன்படுத்திய டம்மித் தோட்டாவின் குண்டு குழலுக்குள் சிக்கியிருந்தது. பின்னால் போட்ட வெற்றுத் தோட்டா அதை உந்தித் தள்ளியது. 2021இல் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸைக் கொன்றது நிஜத் தோட்டா. படப்பிடிப்புத் தளத்துக்குள்ளேயே வந்திருக்கக்கூடாதது.

ஜப்பானியர் வேறு வழியில் போனார்கள். துப்பாக்கிச் சட்டம் கடுமையான அந்நாட்டில், சுடவே முடியாத போலிகளின் வாயில் மருந்து வைத்து மின்சாரத்தால் பற்றவைத்துப் படம் எடுத்தார்கள். ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தீப்பொறியைக் கணினியில் சேர்க்க முடிகிற இன்று, நிஜத் துப்பாக்கியைத் தளத்துக்கு அழைத்துவர இருந்த ஒரே வலுவான காரணம் போய்விட்டது. ‘ரஸ்ட்’ விபத்துக்குப் பிறகு ‘தி ரூக்கி’ தொடர்க்காரர்கள் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு மாறியது சரியான முடிவு. மற்றவர்களும் மாறத்தான் வேண்டும். 1843இல் நடக்கும் கதைக்கு 1892இன் வின்செஸ்டரைக் கொடுக்கவும் இனி யாருக்கும் சாக்கு இல்லை.