சொன்னவர் காதில் விழட்டும்

விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டைப் பொருளாதாரம் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவரவர் அறிந்த கிராமத்தைப் பற்றி எழுதிவரச் சொன்னார். வந்த கட்டுரைகள் 1918இல் ஆங்கில நூலாயின. அதில் இடம்பெற்ற ஊர்களில் இருவேல்பட்டும் ஒன்று. பிறகு 1930களிலும் 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளிலும் ஆய்வாளர்கள் அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது, பண்ணைக்காரரின் பிடி எப்படித் தளர்ந்தது என்று ஒரே ஊருக்குத் தொண்ணூறு ஆண்டுக் கணக்கு நம்மிடம் இருக்கிறது. இப்படி ஒரு பதிவு இந்தியாவில் வெகு சில ஊர்களுக்கே வாய்த்தது. ஆனால் நாற்று நட்ட ஒரு பெண் தன் பாட்டைத் தானே சொல்ல அந்தக் கணக்கில் இடமில்லை. கணக்கெடுப்பின் வேலையும் அதுவல்ல.

அந்த இடத்தை நிரப்பத்தான் ஊர் மக்களை உட்காரவைத்து அவரவர் வாழ்க்கையை எழுதவைக்கும் பட்டறைகள் பல நாடுகளில் தோன்றின. பிரிட்டனில் தொழிலாளர் எழுத்துக் குழுக்கள் 1976இல் ஒரு கூட்டமைப்பாகவே சேர்ந்தன. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் ஊராட்சிகள் தயாரித்த வளர்ச்சி அறிக்கைகளில் ஊர் வரலாறும் இடம்பெற்றது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவிலுள்ள வல்லம் ஒன்றியத்தில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள், தங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே நடந்ததை முதலில் பார்ப்பது நல்லது. பார்க்க நிறையவே இருக்கிறது.

புதுச்சேரிக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில் விராம்மா என்ற தலித் பெண் வயல்வேலை செய்தார், ஊர்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். பத்தாண்டுக் காலம் அவர் சொல்லச் சொல்ல ஜோசியான் ரசீனும் ழான்-லூக் ரசீனும் பதிவு செய்தார்கள். அது பிரெஞ்சில் 1995இலும் ஆங்கிலத்தில் 1997இலும் நூலானது. சேரியின் சிரிப்பும் பேயும் சாமியும் பிள்ளைச் சாவும் பண்ணையாரின் வீட்டுக் களமும் ஒருவர் வாய்மொழியாக இவ்வளவு விரிவாகப் பதிவான நூல்கள் குறைவு. தமிழில் சொன்ன வாழ்க்கை முதலில் பாரிஸில் அச்சேறியது. சொன்னவரின் தெருவில் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே விழுப்புரம் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த த. பழமலய் வேறொரு வழியைத் திறந்திருந்தார். அவருடைய 'சனங்களின் கதை' 1988இல் வந்தது. தாய், தகப்பன், உறவுக்காரர், ஊர்க்காரர் என்று பெயர் சொல்லி, அவர்கள் பேசிய பேச்சிலேயே கவிதை செய்தார். இந்தப் பகுதியில் எழுத வந்த இளைஞர் பலருக்குத் தன் அப்பாயியின் வாழ்க்கையும் எழுதத் தக்கது என்ற துணிவு அங்கிருந்துதான் கிடைத்தது என்பது என் துணிபு. கண்மணி குணசேகரன் விருத்தாசலம் பக்கமிருந்து தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' அந்தத் துணிவுக்குப் பக்கபலம். மல்லாட்டைக் கொல்லி என்று சொல்கிறவரை நிலக்கடலைத் தோட்டம் என்று எழுதவைக்கும் பட்டறை முதல் நாளே தோற்றுவிடும்.

கதை சொல்லவும் இந்த மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதமும் இரவில் கூத்தும் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை.

எழுத்து மட்டும் இங்கே பெரும்பாலும் ஒரே ஒரு வடிவத்தில் வந்து சேர்ந்தது: மனு. 1990களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் அதை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்த மனுவில்தான் போட்டார்கள். புதுக்கோட்டை மாவட்ட அறிவொளியை ஆராய்ந்த பிரான்சிஸ் கோடி இதை விரிவாக எழுதியிருக்கிறார். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் போராட்டங்களிலும் மனுவுக்குப் பெரிய பங்குண்டு. சாதிச் சான்றுக்கு, மனைப் பட்டாவுக்கு, பொய் வழக்கை எதிர்த்து, அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கிடந்தவர்களை மீட்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் தன் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அப்படிச் சொல்லும்போது என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கியது, முதலாளி பெயர் என்ன, அடித்தது யார். 'மேற்படி' என்றும் 'மேற்கண்டவாறு' என்றும் எழுதுபவர் கோத்துவிடுவார். சூளையில் பிறந்த பிள்ளைக்கு யார் பெயர் வைத்தார்கள், மழை பிடித்துக்கொண்ட மாதம் எதைத் தின்றார்கள், எலி வளையில் நெல் தோண்டிய நாள், ஏரி நிரம்பிக் கோடி போனபோது பிடித்த மீன் எதுவும் அதில் வராது. அதிகாரிக்கு அவை தேவையில்லை. மனு ஓர் உயிரையே காப்பாற்றக்கூடும், அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றி எழுத்தில் சொன்னதெல்லாம் அடிபட்டதும் இழந்ததும் மட்டும்தான் என்றாகிவிடக் கூடாது. பட்டறை தொடங்க வேண்டியது மனு விட்டுவிட்ட இடத்திலிருந்துதான்.

இந்தியாவில் இதைத் துணிந்து செய்தவர்கள் உத்தரப் பிரதேசத்தின் சீதாப்பூர் பெண்கள். கிராமங்களில் தொண்டு நிறுவன ஊழியர்களாக இருந்தவர்கள் தங்கள் குழந்தைப் பருவம், கல்யாணம், சாதி, பசி பற்றி நாட்குறிப்பு எழுதினார்கள். எழுதியதைக் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாசித்தார்கள், அழுதார்கள், சண்டை போட்டார்கள், திரும்ப எழுதினார்கள். 2004இல் ஒன்பது பேர் பெயரோடு 'சங்கதின் யாத்ரா' இந்தியில் வந்தது. தொண்டு நிறுவனங்களுக்குள்ளேயே இருக்கும் மேல்கீழையும் அது பேசியதால் எதிர்ப்பு கிளம்பியது. அவர்கள் பின்வாங்கவில்லை. அந்த நூலின் பலம் கூட்டு வாசிப்பில் இருக்கிறது. ஒருத்தி எழுதியதை மற்றவர்கள் கேட்டு, 'இதை ஏன் மூடி மறைத்தாய்' என்று கேட்கும் உரிமை அங்கே இருந்தது.

நம் பக்கத்துப் பயிற்சி முகாம்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. சென்னையிலிருந்து ஓர் எழுத்தாளர் வருவார், சிறுகதை இலக்கணம் சொல்வார், சான்றிதழ் கொடுப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதில் பயனுண்டு. நூறு நாள் வேலைக்குப் போய்வரும் அம்மாவுக்கு அதில் இடமில்லை. அவரிடம் 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்றால் 'எனக்கு என்னா கத கீது' என்று எழுந்து போய்விடுவார். 'உங்களுக்குத் தெரிஞ்சு நம்ம ஏரி எப்போ கோடி போச்சும்மா' என்று கேட்டால் பொழுது சாயும்வரை பேசுவார். எழுதத் தெரிந்த பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும். எழுதி முடித்ததும் அவர் முன்னாலேயே உரக்கப் படிக்க வேண்டும். 'நான் அப்டி சொல்லல' என்று அவர் மறித்தால் அந்த வரி மாற வேண்டும். 'அவன் பேர எடுத்துடு, நாளைக்கு அவங்க கயனிக்குத்தான் நடவுக்குப் போவணும்' என்றால் பெயரை எடுத்துவிட வேண்டும். சாதி கண்ணுக்கு முன் நிற்கும் ஊரில் இந்த ஒப்புதல் இல்லாமல் அச்சிடும் புத்தகம் சொன்னவருக்கே வினையாகிவிடும்.

பணச் செலவு பெரிதில்லை. ஒளிநகல் எடுத்துத் தைத்த முப்பது பக்கப் புத்தகம் போதும். அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 2006இல் தொடங்கியபோது ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டினார்கள். வல்லம் ஒன்றியத்து ஆசிரியர்களும் நூலகர்களும் படித்த பிள்ளைகளும் அந்தக் கட்டடங்களில் ஓர் அலமாரியை ஊர்க்காரர்கள் சொன்ன கதைகளுக்கென்று ஒதுக்க வேண்டும். முதல் படியைச் சொன்னவர் வீட்டில் கொடுத்துவிட்டு, இரண்டாவதை அங்கே வையுங்கள்.