போர்ப்பலகையும் வரலாற்று நோக்கும்

வரலாற்றுப் போர்களை அட்டைப் பலகையில் மீள நிகழ்த்தும் ஆட்டங்களை விமர்சனத்திற்குரிய பொருளாகக் கொள்வது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். பொழுதுபோக்கினைப் பொழுதுபோக்காகவே விட்டுவிடலாமே என்பர். ஆயின் இவ்வாட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறித்த போர் ஏன் அவ்வாறு நடந்தது என்பது பற்றிய கருத்தொன்றினைத் தம்முட் கொண்டவை. நாவலாசிரியன் பாத்திரங்களாலும் சம்பவங்களாலும் கூறுவதை ஆட்டத்தை ஆக்கியோன் காய்களில் அச்சிட்ட எண்களாலும் விதிகளாலும் கூறுகிறான். எதற்கு எண் கொடுக்கப்பட்டுள்ளது, எதற்குக் கொடுக்கப்படவில்லை என்பதிலேயே அவனது வரலாற்று நோக்குத் தங்கியுள்ளது. கலை இலக்கியங்களின் கருத்துநிலை பற்றி இவ்வளவு பேசும் நாம் இவ்வடிவத்தை மட்டும் புறக்கணிப்பதற்கு நியாயமில்லை.

இதன் பிறப்பிடம் பிரஷ்யாவின் படைத்துறை. 1812இல் றைஸ்விற்ஸ் என்னும் பிரபு அரசனுக்கு அளித்த போர்மேசையை, பீரங்கிப்படை அதிகாரியாகவிருந்த அவர் மகன் வரைபடத்தில் ஆடத்தக்கதாகத் திருத்தி 1824இல் விதிநூலொன்றை வெளியிட்டார். அதனைக் கொண்டு பயின்ற அதிகாரிகள் பெரும்பாலும் நிலவுடைமை வர்க்கத்தினர். அவர்கள் கண்டது மேலிருந்து நோக்கப்படும் களம். அவ்வுயரத்திலிருந்து காலாளின் முகம் தெரிவதில்லை. பின்வந்த ஆட்டங்கள் பலவும் இந்தப் பார்வைக் கோணத்தையே முதுசமாகப் பெற்றன.

ஐக்கிய அமெரிக்காவிற் சார்ள்ஸ் றொபேட்ஸ் தமது அவலன் ஹில் நிறுவனத்தின் வழி 1958இல் வெளியிட்ட 'கெற்றிஸ்பேர்க்' இதற்குத் தக்க சான்று. 1863 ஜூலை 1 முதல் 3 வரை நிகழ்ந்த அச்சமரில் எப்படைப்பிரிவு எந்நேரத்தில் எத்திசையிலிருந்து களம் புகுந்தது என்பதை அது கருத்தூன்றிப் பதிவு செய்கிறது. 1961ஆம் ஆண்டுப் பதிப்பில் அறுகோணக் கட்டங்கள் இடம்பெற்றன. காலப்போக்கில் அறுகோணமே இவ்வகை ஆட்டங்களின் அடையாளமாயிற்று. இரு தரப்பின் வலுவையும் விகிதமாக்கி, பகடை உருட்டி, அட்டவணையில் முடிவைக் காண்பது ஆட்டமுறை. இத்துணை நுணுக்கம் வாய்ந்த ஆட்டத்தில் அடிமைமுறை பற்றி ஒரு விதியேனும் இல்லை. தளபதி லீயின் படை பென்சில்வேனியாவினுட் புகுந்தபோது, அங்கு சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே அனுப்பியது வரலாறு. அதே படையின் காய்களைப் பலகையில் நகர்த்துபவனுக்கு, தான் எதனைக் காக்க இவற்றை நகர்த்துகிறேன் என்ற வினாவே எழுவதில்லை. இதனை நேர்மையீனம் என்று கூறமாட்டேன். நேரமும் திசையும் அவ்வளவு சரியாக இருக்கும்போது, விடுபட்டது ஒன்றுண்டு என்பது எவருக்கும் தோன்றாமற் போகிறது.

நண்பர்களுடன் ஆடும்போது இத்திரை மேலும் தடிக்கிறது. பரிகாசம், தேநீர், விதி பற்றிய வழக்காடல் ஆகியவற்றிடையே எதிரேயிருப்பவனை வெல்வதே முதன்மை பெறும். எனினும் இதற்கு மாறான சான்றும் உண்டு. மார்க் ஹேர்மனும் வொல்கோ றூன்கேயும் ஆக்கி 2014இல் வெளிவந்த 'ஃபயர் இன் த லேக்' வியட்நாம் போரை நால்வர் ஆடுவதாக அமைக்கிறது: ஐக்கிய அமெரிக்கா, சைகோன் அரசு, வட வியட்நாம், வியட்கொங் கெரில்லாக்கள். அமெரிக்கா மக்களாதரவை உயர்த்தித் தன் துருப்புகளை மீட்டாலே வெல்லும். சைகோன் ஆட்சியாளரோ தம் கட்டுப்பாட்டையும் சலுகை வலையையும் பெருக்கினாலே வெல்வர். ஓரணியில் அமர்ந்த நண்பர் இருவர் சிறிது நேரத்திலேயே உதவிப் பணத்தைப் பற்றி முரண்படத் தொடங்குவர். வல்லரசொன்றைச் சார்ந்து நிற்கும் ஆட்சியின் இயல்பை வரலாற்றாசிரியர்கள் பல அத்தியாயங்களில் விளக்குகின்றனர். இவ்வாட்டம் அதனை நட்பிடையே தோன்றும் மனக்கசப்பாக உணர்த்திவிடுகிறது. இது சாதாரண சாதனையன்று.

ஆயினும் றூன்கே ஐக்கிய அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனத்தில் ஆய்வாளராகப் பணியாற்றியவர் என்பதை மறத்தலாகாது. மாகாணத்து விவசாயிகள் இவ்வாட்டத்திற் சனத்தொகை என்னும் எண். ஆதரவுக்கும் எதிர்ப்புக்குமிடையே பிறராற் தள்ளப்படுவோர். கெரில்லாக் காயாக மாறினாலன்றி அவர்களுக்குச் செயல் என்பது இல்லை. இரு படைகளுக்கிடையே அகப்பட்ட கிராமம் எத்தகையது என்பதை நூலிலன்றி வாழ்விலே அறிந்த நம் வாசகர்க்கு இவ்வெண் உறுத்தாதிருக்க முடியாது.

தனித்து ஆடுதல் வேறோர் அனுபவம். நாற்பது பக்க விதிநூலைப் படிக்கும் பொறுமையுள்ள நண்பன் எளிதிற் கிடைப்பதில்லை. ஆதலின் இவ்வாட்டங்களை வாங்குவோரிற் பலர் தனியே ஆடுபவர்கள் என்பது 1970களிலேயே அறியப்பட்ட செய்தி. தன்னோடு தானே போர் புரிபவனைக் கண்டு நகைப்போர் உளர். யானும் நகைத்தவனே. ஆனால் பலகையைச் சுற்றி நடந்து எதிர்த்தரப்பின் நாற்காலியில் அமரும்போது, சற்றுமுன் தான் பெருமிதத்தோடு வகுத்த திட்டம் அங்கிருந்து அச்சுறுத்தலாகத் தெரிகிறது. வெல்லவேண்டிய 'மற்றவன்' இல்லாதபோது மனம் விதிகளையே வினவத் தொடங்குகிறது: இக்காய்க்கு ஏன் இந்த எண்? அவ்வகையில் தனித்து ஆடுபவனே கூர்ந்த வாசகன்.

ஹேர்மன் 1991இல் வெளியிட்ட 'த பெலொப்பொனீசியன் வோர்' இவ்வுண்மையை விதியாகவே ஆக்கிக்கொண்டது. அதில் தனி ஆட்டக்காரன் ஒரு தரப்பை நன்கு நடத்தி முன்னேறினால், அத்தரப்பிலிருந்து அகற்றப்பட்டுத் தோற்கும் தரப்பை ஏற்க நேரிடும். தான் கட்டியெழுப்பிய வலிமையைத் தானே உடைக்க வேண்டும். அதென்ஸின் தளபதியாகவிருந்த தூசிடிடீஸ், அம்பிபொலிஸ் நகர் கைநழுவியதால் நாடு கடத்தப்பட்டு, அதன் பயனாகவே இரு தரப்பையும் அருகிருந்து நோக்க வாய்த்ததாகத் தம் வரலாற்றிற் கூறுவார். அவர் இருபதாண்டு நாடிழந்து பெற்ற பார்வையை ஆட்டக்காரன் ஒரு மாலைப்பொழுதில் ஓரளவேனும் பெறுகிறான். யான் அறிந்த ஆட்டங்களுள் வரலாறெழுதும் முறையை இவ்வளவு ஆழமாக உள்வாங்கியது பிறிதொன்றில்லை.

ஆயின் மாறி மாறி அமரும் இருக்கைகள் இரண்டே, இரண்டும் ஆண்டவர்களுடையவை. தூசிடிடீஸ் மற்றொரு செய்தியும் எழுதி வைத்துள்ளார். போரில் தம் வீரத்தைக் காட்டியவர்களுக்கு விடுதலை தருவதாக ஸ்பார்ட்டா தன் பண்ணையடிமைகளான ஹெலொட்டுகளுக்கு அறிவித்தது. தெரிவு செய்யப்பட்ட ஏறத்தாழ 2,000 பேர் மாலை சூடிக் கோயில்களை வலம் வந்தனர். பின்னர் அவர்கள் காணாமற் போயினர். ஒவ்வொருவரும் எவ்வாறு மாண்டார் என்பது எவருக்கும் தெரியாது. அவர்களுடைய பக்கத்திலிருந்து இப்போரை ஆடுவதற்கு அப்பலகையில் இடம் வைக்கப்படவில்லை.