ஐயத்துக்கும் ஓர் இலக்கணம்

இலக்கணம் என்றதுமே சந்தியும் விகுதியும் நினைவுக்கு வந்து புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் பலர். அவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தை. அதிலும் ஐயத்தைத் தெரிவிக்கும் சொல்லான ஐயக்கிளவி பற்றிய மூன்று நூற்பாக்களை.

வந்தான், வந்தாள், வந்தது. தமிழில் வினைமுற்று வாயில் வந்துவிட்டால் திணையும் பாலும் கூடவே வந்துவிடும். பேசுகிறவனுக்கே அது தெரியாவிட்டால்? பொழுது சாய்கிற நேரம். தூரத்தில் ஏதோ தெரிகிறது. மனிதனா, மரக்கட்டையா? 'நிற்கிறான்' என்றாலும் பிழையாகலாம், 'நிற்கிறது' என்றாலும் பிழையாகலாம். தொல்காப்பியர் 'உரு' என்ற பொதுச்சொல்லை எடுத்துத் தருகிறார். கட்டையோ மனிதனோ, அங்கே தெரிகிற உரு. தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னால் போதும்.

மனித உருதான், ஆனால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்றால் பன்மையில் சொல்லச் சொல்கிறார். ஒற்றை ஆள்தான் வாசலில் நிற்கிறார் என்றாலும் 'யாரோ கதவைத் தட்டுறாங்க' என்றுதானே இன்றைக்கும் வீட்டுக்குள்ளிருந்து சொல்கிறோம்! வயலில் புகுந்த மாடு ஒன்றா பலவா என்ற ஐயத்தைக்கூட உரையாசிரியர்கள் விடவில்லை.

என்னைச் சொக்கவைப்பது அடுத்த படி. கிட்டே போய்ப் பார்த்தாயிற்று, மனிதன்தான். இப்போது கட்டையை மறுக்க வேண்டும். 'கட்டை அல்லன், மனிதன்' என்று சொல்லலாம் என்கிறது இலக்கணம். மறுக்கப்படுவது கட்டை, விகுதியோ மனிதனுக்கு உரியது. 'அல்லன்' என்பதன் கடைசி ஒற்று ஒலிக்கும்போதே, 'மனிதன்' என்ற சொல் பிறக்கும் முன்பே, மனம் தெளிந்துவிட்டது கேட்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. மனிதனென்று நினைத்தது கட்டையாகிவிட்டால் 'மனிதன் அன்று, கட்டை'. ஐயத்திலிருந்து தெளிவுக்கு மனம் கடந்த இடத்தை ஒரு விகுதி காட்டிக்கொடுப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு துல்லியமாகக் கண்டதில்லை.

பவணந்தி முனிவர் நன்னூலில் இதை ஒரே நூற்பாவில் அடக்கிவிட்டார். அந்தச் சுருக்கம் அழகுதான். ஆனாலும் என் ஓட்டு தொல்காப்பியருக்கே. கண் பார்த்து, மனம் தயங்கி, வாய் திறக்கும் வரிசை அவரிடம்தான் படிப்படியாகத் தெரிகிறது.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புணர்ச்சி விதிகளுக்கு முன்னால் இந்த மூன்று நூற்பாக்களைச் சேனாவரையர் உரையோடு ஒருநாள் வகுப்பில் நடத்துங்கள்.